வலிப்பு மாத்திரையும் மாதவிடாயும்

வலிப்பு நோய்க்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டுவரும் பெண்ணின் வீட்டு அலமாரியில் பெரும்பாலும் இரண்டு மருத்துவக் கோப்புகள் இருக்கும். ஒன்றில் ஈ.ஈ.ஜி. அறிக்கையும் எம்.ஆர்.ஐ. படமும் நரம்பியல் மருத்துவர் எழுதிய சீட்டுகளும் இருக்கும். மற்றொன்றில், மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றோ கரு தங்கவில்லை என்றோ மகப்பேறு மருத்துவரிடம் போனபோது எடுத்த ஸ்கேனும், ‘இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டி’ என்று எழுதிய தாளும் இருக்கும். இந்த இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் ஒன்றாக விரிக்கப்படுவது அரிது. முதல் கோப்பில் உள்ள மாத்திரைக்கும் இரண்டாம் கோப்பில் உள்ள கோளாறுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லாமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்தத் தொடர்பை, மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியும். மாற்றம் தேவையென்றால் அதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார்.

நம் மூளையிலுள்ள நரம்பணுக்கள் மெல்லிய மின்னோட்டங்களின் மூலம் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. அவற்றைத் தூண்டிவிடும் வேதிப்பொருள்களும் உண்டு, அடக்கிவைக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. அடக்கும் பொருள்களில் முதன்மையானது ‘காபா’ எனப்படுவது. தூண்டுதல் மிகுந்தோ அடக்கம் தளர்ந்தோ போய், ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் இயங்கும்போது ஏற்படுவதே வலிப்பு. கைகால் வெட்டி வாயில் நுரை தள்ளுவது மட்டுமே வலிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி இருப்பதும், காலையில் எழுந்தவுடன் கை சட்டென்று உதறி காபி டம்ளர் நழுவி விழுவதும்கூட வலிப்பாக இருக்கலாம்.

பெண்ணுடலின் மாதச் சுழற்சியை நடத்தும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியாக மூளைக்குள்ளும் செல்கின்றன. ஈஸ்ட்ரோஜன் பொதுவாக நரம்பணுக்களைத் தூண்டும் பக்கம் சாய்கிறது. புரோஜெஸ்டிரோன் உடலில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, காபாவின் அடக்கும் ஆற்றலைக் கூட்டுகிறது. சொல்லப்போனால், பெண்ணுடல் மாதந்தோறும் தானே தயாரித்துக்கொள்ளும் ஒரு வலிப்புத் தடுப்பு மருந்து என்றே இதைக் கருதலாம். மாதவிடாய் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பு புரோஜெஸ்டிரோனின் அளவு சரேலென்று இறங்கும்போது, இந்த இயற்கை மருந்து திடீரென நிறுத்தப்பட்டது போன்ற நிலை உண்டாகிறது.

இந்தத் தொடர்பு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1857-இல் லண்டனில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில், விக்டோரியா அரசியின் மகப்பேறு மருத்துவரான சார்லஸ் லோகாக், மாதவிடாயையொட்டி வலிப்பு வரும் பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பயன் கண்டதாகச் சொன்னார். வலிப்புக்கு உண்மையிலேயே வேலை செய்த முதல் மருந்து அதுதான். அவர் அதைக் கொடுத்ததற்குச் சொன்ன காரணம், அதாவது வலிப்பு பெண்ணின் பாலுணர்ச்சிக் கொந்தளிப்பால் வருகிறது என்ற எண்ணம், முற்றிலும் தவறானது. பெண்களுக்கு இழிவு சேர்ப்பதும்கூட. ஆனாலும் வலிப்பு மருந்தின் வரலாறே மாதவிடாய் நாள்களிலிருந்துதான் தொடங்குகிறது என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாதச் சுழற்சியின் குறிப்பிட்ட நாள்களில் வலிப்பு கூடுகிறது. இதை மாதவிடாய் சார்ந்த வலிப்பு என்பார்கள். மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பிருந்து, அது தொடங்கிய பின் மூன்று நாள் வரை கூடுவது ஒரு வகை. பலரிடமும் காணப்படுவது இதுதான். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டு சினைமுட்டை வெளிப்படும் நடுமாத நாள்களில் கூடுவது இன்னொரு வகை. சினைமுட்டை சரியாக வெளிப்படாத மாதங்களில் போதிய புரோஜெஸ்டிரோன் சுரக்காததால், சுழற்சியின் பின்பாதி முழுவதும் கூடுதலாக வருவது மூன்றாவது வகை.

தமக்கு அப்படி இருக்கிறதா என்று அறிந்துகொள்ள விலையுயர்ந்த பரிசோதனை எதுவும் முதலில் தேவையில்லை. சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதுவதற்காக மாட்டியிருக்கும் மாதக் காலண்டரே போதும். மாதவிடாய் நாள்களைச் சுற்றி ஒரு வட்டம், வலிப்பு வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி, மாத்திரை சாப்பிட மறந்த நாளில் ஒரு புள்ளி என்று மூன்றே மூன்று குறிகள் இட்டுவந்தால் மூன்று மாதத்தில் படம் துலங்கிவிடும். வட்டங்களின் முன்விளிம்பில் பெருக்கல் குறிகள் வந்து குவிகின்றனவா, அல்லது புள்ளி வைத்த நாளுக்கு மறுநாள் வருகின்றனவா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். இரண்டாவது நிலையென்றால் பழி ஹார்மோன் மீதன்று, தவறிய மாத்திரை மீது. முதல் நிலையென்றால், அந்தச் சில நாள்களுக்கு மட்டும் குளோபசாம் போன்ற மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பது உட்படச் சில வழிகளை மருத்துவர் ஆராய்வார். புரோஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2012-இல் வெளியானது. பொதுவாக எல்லாருக்கும் அது பயன்தரவில்லை. மாதவிடாயையொட்டிய நாள்களில் மிகக் கடுமையாக வலிப்பு கூடிய பெண்களுக்கு மட்டும் பயன் தெரிந்தது. நாள் குறித்து வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஹார்மோன் மூளையைப் பாதிப்பதைப் போலவே மூளையும் ஹார்மோனைப் பாதிக்கிறது. மாதச் சுழற்சிக்கான கட்டளை சினைப்பையில் பிறப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் பிறந்து, பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பையை வந்தடைகிறது. காதுக்கு உட்புறமாக அமைந்த டெம்போரல் மடலில் தொடங்கும் வலிப்பு, அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்குச் செல்லும் நரம்பு வழிகளைக் கலைத்துவிடுவதால் அந்தக் கட்டளையின் தாளமே தவறிப்போகலாம். எனவே, மாத்திரையே தொடங்காத நிலையிலும் சில பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கற்றிருப்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் காரணம் என்று முடிவுகட்டுவது, மாத்திரைக்குத் தொடர்பே இல்லை என்று சொல்வதைப் போலவே தவறு.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். ஹார்மோன்களோடு இவை நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், பெனிட்டாயின், பீனோபார்பிட்டோன், கார்பமசெபைன் ஆகிய பழைய மருந்துகள் ஒரு பக்கமும் வால்ப்ரோயேட் இன்னொரு பக்கமும் நிற்கின்றன. லெவெடிரசெட்டம் போன்ற புதிய மருந்துகளில் பல, ஹார்மோன்களில் பெரிதாகத் தலையிடுவதில்லை.

முதல் பக்கத்தைச் சேர்ந்தவை கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. உடலுக்குள் வரும் மருந்துகளையும் பயன்பட்டு முடிந்த ஹார்மோன்களையும் உடைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் உள்ளன. இந்த மருந்துகள் அந்நொதிகளின் உற்பத்தியைப் பெருக்கிவிடுவதால் ஹார்மோன்கள் வழக்கத்தைவிட விரைவாக அழிகின்றன. அத்துடன், பாலின ஹார்மோன்களைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சுமந்து செல்லும் ஒரு புரதமும் கூடுகிறது. பேருந்துக்குள் அமர்ந்திருக்கும் பயணி எவ்வளவு பேர் இருந்தாலும், இறங்கி நடப்பவர்தானே வீட்டுக்குள் நுழைய முடியும்? அதுபோல, புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோன் வேலை செய்யாது. தனித்திருக்கும் ஹார்மோன்தான் வேலை செய்யும். ஆகவே, இரத்தப் பரிசோதனையில் மொத்த அளவு சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும், பயன்படும் அளவு குறைந்திருக்கலாம். இதே நொதிகள் வைட்டமின் டி-யையும் விரைந்து அழிப்பதால், இம்மருந்துகளைப் பல ஆண்டுகள் சாப்பிடும் பெண்களின் எலும்பும் வலுவிழக்கிறது. நாற்பதைக் கடந்தவர்கள் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால்ப்ரோயேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. வலிப்பைத் தடுக்கும் அதன் ஆற்றல் 1962-இல் பிரான்சில் தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. வேறு மருந்துகளைச் சோதிப்பதற்குக் கரைப்பானாக அதைப் பயன்படுத்தியபோது, எந்த மருந்தைக் கரைத்தாலும் வலிப்பு நின்றதைக் கண்டு, வேலை செய்வது கரைப்பானே என்று உணர்ந்தார்கள். இன்றும் மூளை முழுவதும் ஒரேசமயத்தில் பரவும் வலிப்பு வகைகளுக்கு இதற்கு நிகரான மருந்து குறைவு. மேலே சொன்ன, காலையில் காபி டம்ளரை நழுவவிடும் வகை பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குவது. அதற்கு வால்ப்ரோயேட் மிக நன்றாகக் கேட்கும். இக்கட்டு அங்கேதான் இருக்கிறது. மாதச் சுழற்சி இப்போதுதான் நிலைகொண்டுவரும் பெண் குழந்தைக்கு, அந்தச் சுழற்சியையே அதிகம் குலைக்கக்கூடிய மருந்து தேவைப்படுகிறது.

1993-இல் பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் இருநூறுக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிட்டவர்களில் 45 விழுக்காட்டினருக்கு மாதவிடாய்க் கோளாறு இருந்தது. 43 விழுக்காட்டினரின் சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் காணப்பட்டன. இருபது வயதுக்கு முன்பே இம்மருந்தைத் தொடங்கியவர்களிடம் பாதிப்பு இன்னும் கூடுதலாக இருந்தது. சினைப்பையில் ஆண் ஹார்மோன்கள் உருவாவதை வால்ப்ரோயேட் கூட்டுகிறது. பசியைத் தூண்டி உடல் எடையை ஏற்றுவதால் இன்சுலினும் உயர்ந்து, அதுவும் ஆண் ஹார்மோனை மேலும் கூட்டுகிறது. முகத்திலும் தாடையிலும் முடி வளர்வது, பருக்கள், தலைமுடி உதிர்வு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மாதவிடாய் வருவது ஆகியவை இதன் வெளியடையாளங்கள். தலைமுடி உதிர்வை வால்ப்ரோயேட் நேரடியாகவும் உண்டாக்கும்.

நீர்க்கட்டி என்ற சொல் பலரையும் தேவைக்கு மேல் அச்சுறுத்துகிறது. அவை அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகளல்ல. முழு வளர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். ஸ்கேனில் அவை தெரிவதால் மட்டுமே பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஆறுதலான செய்தியும் உண்டு. அதே ஊலு ஆய்வுக் குழுவினர் வால்ப்ரோயேட்டுக்குப் பதிலாக லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஓராண்டுக்குள் பெண்களின் எடையும் ஆண் ஹார்மோன் அளவும் குறைந்ததை 1998-இல் வெளியிட்டனர். மருந்தால் வந்த மாற்றம் பெருமளவு மருந்தை மாற்றினால் மீளக்கூடியது. ஆனால் எல்லாருக்கும் மாற்ற முடியாது. வேறு மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவருக்கு, மாதவிடாய்க் கோளாற்றை விட வலிப்பே பெரிய ஆபத்து.

லாமோட்ரிஜினிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு; இங்கே ஹார்மோன்தான் மருந்தைப் பாதிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிட்டால், இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கும். ஹார்மோன் சாப்பிடும் மூன்று வாரமும் லாமோட்ரிஜின் தாழ்ந்து வலிப்பு வரலாம். இரும்புச்சத்து சாப்பிடும் வாரத்தில் அது மீண்டும் உயர்ந்து தலைசுற்றலும் பார்வை இரட்டையாகத் தெரிவதும் ஏற்படலாம். காரணம் தெரியாத பெண் இதை உடல் சோர்வு என்றோ கண் கோளாறு என்றோ எண்ணிக்கொள்வாள்.

பெனிட்டாயின் வகை மருந்துகளிலோ நிலைமை தலைகீழ். அங்கே கல்லீரல் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை விரைந்து அழித்துவிடுவதால், ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டாலும் கரு உண்டாகக்கூடும். டோபிராமேட் என்ற வலிப்பு மருந்தும் அதிக டோஸில் இப்படிச் செய்யும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இது பொருந்தும். காப்பர்-டி இவை எதனாலும் பாதிக்கப்படாது என்பதால், வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெரும்பாலான பெண்களுக்கு அதுவே கவலையற்ற வழி என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் வேலை செய்யும். ஆனால் அதுவும் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே எலும்பைத் தேய்க்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைத் தேர்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி நல்ல செய்தி: வலிப்பு நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் நலமான குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள். இரண்டாவது செய்தி, திட்டமிடல் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் சந்தேகப்படும் வேளையில் அந்த வேலை முடிந்தே போயிருக்கலாம். வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் ஆகியவற்றில் இது நூற்றுக்கு மூன்று அளவில்தான் உள்ளது. குறைபாடின்றிப் பிறக்கும் குழந்தைகளிலும் வால்ப்ரோயேட்டால் கற்றல் திறனும் பேச்சு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம் என்பதால்தான், பிரிட்டன் 2018-இல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இம்மருந்தைக் கடுமையான நிபந்தனைகளோடு மட்டுமே கொடுக்கலாம் என்று விதித்தது. நம் பக்கத்தில், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு ஒன்றை நடத்தி, தாயையும் சேயையும் தொடர்ந்து கவனித்துவருகிறது.

கர்ப்பம் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடத் தொடங்குவதும், ஆபத்து குறைந்த மருந்துக்கு மாற முடியுமா என்று நரம்பியல் மருத்துவரைக் கேட்பதும் திட்டமிடலின் இரண்டு கால்கள். கர்ப்பக் காலத்தில் லாமோட்ரிஜின் அளவு வெகுவாக இறங்கும் என்பதால் டோஸைக் கூட்டவும், பிரசவத்துக்குப் பின் உடனே குறைக்கவும் வேண்டிவரும். பெரும்பாலான வலிப்பு மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதற்காகக் குழந்தையைப் பாலிலிருந்து பிரித்துவைக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில், ஹார்மோன்கள் ஏறி இறங்கும் ஆண்டுகளில் வலிப்பு சற்றுக் கூடலாம். முற்றிலும் நின்ற பிறகு, மாதவிடாய் சார்ந்த வலிப்பு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் குறையும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பயன்படாமல் போவதற்கு நம்மிடையே வலுவான ஒரு காரணம் இருக்கிறது. திருமணமாகிப் போகும் பெண், வலிப்பு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சத்து மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துச் செல்கிறாள். மாமியாருடன் மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது, ‘வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயாம்மா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை டாக்டர்’ என்கிறாள். நீர்க்கட்டிக்கு மருந்து எழுதப்படுகிறது; நீர்க்கட்டிக்குக் காரணமாயிருக்கக்கூடிய மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டத் தடையாக ஒரு காலத்தில் இருந்தது உண்மை. 1999-இல் இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமும் திருத்தப்பட்டு அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. சட்டத்திலிருந்து போனது வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை.

வீட்டில் எல்லாரிடமும் சொல்லும் துணிவு இன்று இல்லாமல் போகலாம். அதற்காக யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ‘டாக்டர், உங்களிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும்’ என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் மாத்திரை அட்டையை அப்படியே மேசையில் வைத்து, எந்த வயதில் தொடங்கினேன், மாதவிடாய் எப்போதிலிருந்து மாறியது என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் போதும். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் அறிக்கையையும், வட்டமும் பெருக்கல் குறியும் இட்ட காலண்டர் தாள்களையும் அந்தப் பழைய ஈ.ஈ.ஜி. கோப்புக்குள்ளேயே வைத்து எடுத்துச் செல்லுங்கள்.